ராஜா தியேட்டர் சிக்னலில் என் மனைவி

என் மனைவி இறந்துபோன செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எனக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நின்று, நான் வாங்கி வந்த கத்திரிக்காயில் பாதி சொத்தை என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

செய்தி போனில் வந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து யாரோ பேசினார்கள். "கமருஸ்ஸமான் பாயா? மனசத் தேத்திக்குங்க. அடக்கம் எத்தினி மணிக்கு?"

"யாருக்கு அடக்கம்?" என்று கேட்டேன்.

எதிர்முனைக் குரல் இறங்கியது. "அதிர்ச்சியில இருக்கீங்க. வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க."

எனக்கு அறுபத்து மூன்று வயது. இந்த வீட்டில் என்னைவிட மூத்தது மர பீரோ ஒன்றுதான். ஒரு நாளைக்கு இருபது பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மனை வேண்டுமா, லோன் வேண்டுமா, காதுக்கு மிஷின் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இப்போது அடக்கத்துக்கும் ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். இந்தப் போனை ஒரு வேலையாகத் தொட முடிவதில்லை. பேப்பர் படிக்கலாம் என்று திறந்தால் முதலில் ஒரு பெட்டி வந்து 'உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம்' என்கிறது. மதிக்கிறவன் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பான். இது நடு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு மதிக்கிறது.

பத்து நிமிஷத்தில் அழைப்பு மணி அடித்தது. என் மனைவி நிஷாதான் போய்த் திறந்தாள். வாசலில் அடுத்த தெரு ஹாதி பாய் நாலடுக்கு கேரியரோடு நின்றார். பின்னால் அவர் சம்சாரம், அழுது சிவந்த கண்ணோடு.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க பாய்" என்றாள் நிஷா.

ஹாதி பாய் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் சொல்தா ஹாதி, அதாவது சிப்பாய் ஹாதி, என்றால்தான் தெரியும். ஆப்பிரிக்காவில் எந்தெந்தப் பாலைவனத்திலோ காவல் நின்றவர், என் மனைவியைப் பார்த்து ஒரு படி பின்னால் இறங்கினார். திகைப்பு வந்தால் அவருக்குப் பிரெஞ்சு வரும். "மொன் தியே" என்றார், கடவுளே என்று. சலாமுக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டார். அவர் சம்சாரம் நிஷாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

மையத்து விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். கேரியரில் இடியாப்பமும் பருப்பும் இருந்தன. தன் துக்கத்துக்கு வந்த இடியாப்பத்தைத் தானே வாங்கி மேசையில் வைத்த ஒரே பெண்பிள்ளை இந்த முல்லா வீதியில் என் மனைவியாகத்தான் இருப்பாள்.

"என்னா பாய் விஷயம்?" என்று கேட்டாள்.

"ராஜா தியேட்டர் சிக்னல்ல ஃப்ளெக்ஸ் வச்சிருக்காங்கம்மா. ஆளு உயரத்துக்கு உன் மொகம்."

இதற்கு மேல் அவர் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பாண்டிச்சேரியில் ஃப்ளெக்ஸில் முகம் வருவதற்கு நாலே காரணம்தான். அரசியலில் இருக்க வேண்டும், அல்லது கல்யாணம், அல்லது பெண் சமைந்தது, அல்லது சாவு. ஐம்பத்தொன்பது வயது ஜஹபர் நிஷா கட்சியில் இல்லை. மற்ற இரண்டும் எப்போதோ முடிந்துவிட்டன. பைக்கில் போகிறவன் நின்று எழுத்தைப் படிப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறான், கணக்குப் போடுகிறான், சொந்தக்காரனுக்குப் போன் போடுகிறான். நம் ஜனங்கள் சாவுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிற வழக்கம் இல்லையே என்றுகூட ஒருவனுக்கும் தோன்றவில்லை. காலம் கெட்டுப்போச்சு, கமருவும் வச்சுட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

நிஷா கேட்டது ஒன்றுதான். "என் போட்டோ அவங்களுக்கு எப்புடிக் கெடச்சுது?"

நிஷாவுக்குப் போட்டோ ஆகாது. மார்க்க விஷயம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், அதில்லை. ஆதாருக்கு எடுத்தாள், பாஸ்போர்ட்டுக்கு எடுத்தாள், எங்கள் மகள் நூரீன் கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கம் இருக்கிறாள். கேட்டுவிட்டு எடுத்தால் நிற்பாள். கேட்காமல் எடுத்தால்தான் வினை.

பதினாறு வயதில், பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹால் டிக்கெட்டில் ஒட்டுவதற்காக ஒரு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டாளாம். படம் நன்றாக விழுந்துவிட்டது. ஸ்டுடியோக்காரன் அதைப் பெரிசு பண்ணி, கலர் பூசி, கடை வாசல் கண்ணாடி அலமாரியில் மாட்டிவிட்டான். யாரையும் கேட்கவில்லை. அவனுக்கு அது விளம்பரம். நாலு நாள் கடைத்தெரு பார்த்தது, ஐந்தாம் நாள் அவள் அத்தா பார்த்தார். அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. அந்தப் பரீட்சையை அவள் எழுதவே இல்லை. வகுப்பில் கணக்கில் முதல் ஆள் அவள்.

கல்யாணமான புதிதில் இதை என்னிடம் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஸ்டுடியோக்காரன் கிடைத்தால் பல்லைப் பேத்துவிடுவேன் என்று குதித்தேன். "பல்லெல்லாம் வேணாம். நீங்க என்னைக் கேக்காம எடுக்காதீங்க, அது போதும்" என்றாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் நூரீன்கிட்ட சொல்றேன், அவ கம்ப்யூட்டர்ல தேடட்டும்" என்றாள் இப்போது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

சிக்னலில் சிவப்பு. ஃப்ளெக்ஸ் பத்தடிக்கு நின்றது. 'எழுந்தால் வலி! உட்கார்ந்தால் வலி!' என்று மேலே கொட்டை எழுத்து. 'காந்தமலர் மூட்டு வலி நிலையம்' என்று கீழே. இடது பக்கம் 'முன்' என்று போட்டு என் மனைவி, தலையில் முக்காடு, முகத்தில் ஊரையே எரித்துவிடுகிற கோபம். அவள் தலைக்குக் கீழே யாருடைய உடம்பையோ ஒட்டி, இரண்டு முழங்காலிலும் சிவப்பு வட்டம் போட்டு மின்னல் அடித்திருந்தார்கள். வலது பக்கம் 'பின்' என்று போட்டு வேறொரு அம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள் தைலம் தேய்த்தால் முழங்கால் மட்டுமில்லை, மூக்கும் மாறிவிடும் போலிருக்கிறது. நிஷாவின் படத்துக்குக் கீழே 'ராஜேஸ்வரி அம்மாள், 68, திண்டிவனம்' என்று பெயர் வேறு.

பச்சை விழுந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான். நான் நகரவில்லை. ராஜேஸ்வரி அம்மாளின் தோளுக்குப் பின்னால் ஒரு மானிட்டரின் ஓரமும், அதன் மேல் ஒட்டியிருந்த மீன் ஸ்டிக்கரும் தெரிந்தன. அந்த ஸ்டிக்கரை ஒட்டியது நூரீன். பத்து வயதில். அந்தப் போட்டோவை எடுத்தது நான்.

இரண்டாயிரத்து ஒன்றில் முல்லா வீதி முனையில் எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், எட்டு மறைப்பு, ஒரு டெலிபோன் லைன். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று தெருவையே அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும். பாரிஸில் இருக்கிற மகனுக்கு மெயில் போட வந்த ஒரு பெரியவர், எழுதி முடித்துவிட்டு, தபால்தலை எங்கே ஒட்டுவது என்று கேட்டிருக்கிறார். நான்தான் ஊருக்கே இன்டர்நெட் என்று ஒரு மிதப்பு எனக்கு.

அந்த வருஷம் உலகத்தில் எல்லோரும் தங்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரு அமெரிக்கக் கம்பெனி இலவசமாக இடம் கொடுத்தது. நானும் போட்டேன். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, நடுவில் நெருப்பு எரிகிற ஒரு கோடு, மண்வெட்டியால் ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்கிற ஒரு பொம்மை ஆள். பக்கத்தைத் திறந்தால் கீச்சுக் குரலில் ஒரு பாட்டு தானாக ஓடும், நிறுத்த வழி கிடையாது. கடற்கரை, லைட் ஹவுஸ், மணக்குள விநாயகர் கோயில் யானை என்று நான் எடுத்த படங்களை எல்லாம் ஏற்றினேன். 'என் குடும்பம்' என்று ஒரு இடம் காலியாக இருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட என் படம் ஒன்று. நூரீனின் ஸ்கூல் படம் ஒன்று. மூன்றாவது கட்டம் காலி.

வெப் கேமரா புதிதாக வந்திருந்த நேரம். நிஷா மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்தாள். சாம்பார் கேரியரில் ஒழுகி அவள் புடவையில் கொட்டியிருந்தது. அந்தக் கோபத்தோடு நின்றவளை, "இங்க பாரு" என்றேன். பார்த்தாள். "என்னா அது, லைட்டா?" என்றாள். "ஆமா, லைட்டு" என்றேன்.

அந்த மூன்றாவது கட்டத்தில் அதைப் போட்டதற்குக் காரணம் ஒன்றுமில்லை. அழகாக இருந்தாள். கோபத்தில் அவள் எப்போதுமே அழகு. என் பக்கத்தில் அவள் இல்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை இருநூற்றுப் பதினாலில் நின்றது. அதில் இருநூறு நான்தான். அப்புறம் அந்தக் கம்பெனி மூடிவிட்டது, பக்கமும் அதோடு ஒழிந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிக்னல் தாண்டி ஓரமாக நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டேன். "பாத்தேன். எவனோ எங்கிருந்தோ திருடியிருக்கான்" என்றேன்.

"எங்கிருந்து?" என்றாள்.

"அதத்தான் விசாரிக்கப் போறேன்." வைத்துவிட்டேன்.

காந்தமலர் நிலையம் இரண்டு தெரு தள்ளி மாடியில் இருந்தது. முட்டி வலிக்காரர்களுக்கு மாடியில் வைத்தியம். உள்ளே நுழையும்போதே கத்திக்கொண்டு நுழைந்தேன். கத்துவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம், அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்தினேன். ஒரு பெண்ணோட படத்த அவள கேக்காம எடுத்து நடு ரோட்டுல நிறுத்துறியே, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்டேன். காத்திருந்த நோயாளிகள் வலியை மறந்துவிட்டுப் பார்த்தார்கள்.

முதலாளி கமலக்கண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். கோபமே வராத ஆள். "உக்காருங்க சார், தண்ணி சாப்புடுங்க" என்றார். நான் சொல்லி முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அவங்க நெஜமாவே பாண்டிச்சேரியா? உயிரோட இருக்காங்களா? முட்டி வலி இருக்கா சார்?"

இருக்கிறது. மாதம் ஒரு தடவை கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அதை இவனிடம் சொல்வேனா?

"இருந்தா நம்மளே ஃப்ரீயா பாத்துடலாம் சார். பதினஞ்சு நாள். அப்பறம் சின்னதா ஒரு வீடியோ, 'நான்தான் அந்த ஃப்ளெக்ஸ்ல இருக்கற அம்மா'ன்னு. செம ரீச் ஆவும்."

நான் எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி விழுந்தது. கமலக்கண்ணன் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, படம் தேடியது தான் இல்லை, கீழே ஃப்ளெக்ஸ் கடை வடிவேல்தான் என்றார். எல்லா ஃப்ளெக்ஸையும் நாளைக்கே எடுத்துவிடச் சொல்கிறேன் என்றும் சொன்னார். நல்லவனா எத்தனா என்று கண்டுபிடிக்க முடியாத இந்த மாதிரி ஆட்களிடம் சண்டை போடுவதில் ஒரு திருப்தியும் இல்லை.

வடிவேல் பாகூர் பக்கத்துக்காரர். நடவு, அறுப்பு நேரத்தில் வயல், மற்ற நாளில் ஃப்ளெக்ஸ். நான் போனபோது ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குப் பின்னால் சிங்கம் வைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தக் கத்த, அவர் பொறுமையாகக் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

"கோவமா இருக்கற அம்மா படம்தான் கெடைக்கலண்ணா. தேடுனா எல்லாம் சிரிக்குது. வலி விளம்பரத்துக்குச் சிரிச்சா நல்லா இருக்குமா? இந்தப் படம் பொடிசா, மங்கலா இருந்துச்சு. ஏஐ-ல போட்டுத் தெளிவு பண்ணி, வயசு கூட்டுனேன். அம்மாவுக்கு முப்பத்தஞ்சு இருக்கும் அதுல."

கம்ப்யூட்டர் தானாகக் கணக்குப் போட்டு வரைந்த கிழவி அச்சாக இன்றைய நிஷாவாக இருந்தாள். அதனால்தான் ஊரே அடையாளம் கண்டுகொண்டது. கன்னத்துக் குழியை மட்டும் கோட்டை விட்டிருந்தது.

"திருடுனதுக்கு வெளக்கம் வேறயா? யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரையும் கேக்க வேணாம்னு போட்டிருந்துச்சேண்ணா. நான் அதெல்லாம் பாத்துதான் எடுப்பேன்." திரையை என் பக்கம் திருப்பினார்.

பழைய பக்கங்களைச் சேர்த்து வைக்கிற ஏதோ ஒரு இடத்தில் அது பத்திரமாக இருந்தது. நீலம், மஞ்சள், நெருப்புக் கோடு. மண்வெட்டி ஆள் இருபத்து நாலு வருஷமாக அங்கே வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். அடியில் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் நான் எழுதியிருந்தேன்: 'இந்தப் பக்கத்தில் உள்ள படங்கள் எல்லாம் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கத் தேவையில்லை.' அப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். தாராள மனசு. என் லைட் ஹவுஸ் படத்தை உலகம் வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு.

வடிவேல் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணா, கூலிங் கிளாஸ் போட்டிருக்கறது நீங்களா?"

காலையிலிருந்து யாரை யாரைத் திட்டினேனோ அத்தனை பேருக்கும் முன்னால், வரிசையில் முதல் ஆளாக நான் நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அப்போது போன் அதிர்ந்தது. 'வீடு' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். மூன்றே பேர், நான், நிஷா, பெங்களூரில் இருக்கிற நூரீன். நூரீன் போட்டிருந்தாள்: 'அத்தா! கண்டுபிடிச்சிட்டேன்! இது உங்க பழைய பேஜ்! எவ்ளோ க்யூட்! அம்மா, பாரு பாரு!' கீழே அந்தப் பக்கத்தின் லிங்க், கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஆறு.

நிஷா டைப் பண்ணுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. எதுவும் வரவில்லை. நான் கடையிலிருந்து வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன்.

வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு வாசனை வந்தது. இடியாப்பக் கேரியரைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அது வந்து, அந்தக் காலத்துல எல்லாரும்..." என்று தொடங்கினேன்.

கையைக் காட்டினாள். போனை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டாள். "என் படத்துக்குக் கீழ என்னா எழுதியிருக்கீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை. சத்தியமாக இல்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராது, தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "என் மனைவி ஜஹபர் நிஷா. கேட்டா வேணாம்னு சொல்லுவா. அதனால கேக்கல."

பக்கத்தில் ஒரு சிரிப்பு மூஞ்சி வேறு போட்டிருந்திருக்கிறேன், முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் வைத்து. அதையும் காட்டினாள்.

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்டுடியோக்காரனுக்கு என்னைத் தெரியாதுங்க. நான் வேணாம்னு சொல்லுவேன்னு அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

நல்லா இருந்தே, அதான் போட்டேன் என்று சொல்லலாம். ஸ்டுடியோக்காரனும் அதைத்தான் சொல்லியிருப்பான். தப்புதான் என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "இப்ப கேளுங்க."

"என்னா?"

"அன்னிக்குக் கேட்டிருக்க வேண்டியத இப்ப கேளுங்க."

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வாக்கியம் கேட்பதற்கு இரண்டு தடவை வாயெடுக்க வேண்டியிருந்தது. "நிஷா, உன் போட்டோவ எல்லாரும் பாக்கற மாதிரி போடட்டுமா?"

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. சரி என்று சொன்னாலும் சொல்வாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

"வேணாம்" என்றாள்.

"சரி" என்றேன்.

"அவ்ளோதான். இதுக்கு இருவத்தி நாலு வருஷம்."

எழுந்து கேரியரைத் துடைத்து, ஒரு அடுக்கில் குழம்பு ஊற்றினாள், வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று. கமலக்கண்ணன் நாளைக்கு எடுத்துவிடுவதாகச் சொன்னதைச் சொன்னேன். நூரீன் அந்தப் பழைய பக்கத்தை எடுக்கச் சொல்லி மெயில் போட்டுவிட்டாள் என்று அவள் சொன்னாள். அப்புறம், மூடியை அழுத்திக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு எங்கத்தா ஸ்டுடியோ பக்கமே போகல. என்னைத்தான் வீட்ல உக்கார வச்சாரு. அந்தப் படம் அங்கயே தொங்கிட்டு இருந்துச்சு, வெயில்ல வெளுத்துப்போற வரைக்கும். நாளைக்கு வேணாம். இன்னிக்கே போங்க. ஆள் அனுப்பாதீங்க, நீங்க போங்க."

ஸ்டூலையும் காய் வெட்டுகிற கத்தியையும் எடுத்துக்கொண்டேன். வழியில் கேரியரைக் கொடுத்தபோது ஹாதி பாய் சட்டையை மாட்டிக்கொண்டு தானும் வந்துவிட்டார். பென்ஷனுக்காக வருஷா வருஷம் தான் உயிரோடு இருப்பதைக் காகிதத்தில் எழுதிப் பிரான்ஸுக்கு நிரூபிக்கிறவர் அவர். "நிஷாவுக்கும் ஒண்ணு வாங்கி வச்சுக்கப்பா, இந்த ஊரு நம்பாது" என்றார். சிரிக்க எனக்குத் தெம்பில்லை.

மொத்தம் நாலு ஃப்ளெக்ஸ். ராஜா தியேட்டர் சிக்னலில் அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நான் ஏறிக் கயிற்றை அறுத்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து, வைக்கத்தான் ஆள் வரும், எடுக்க வந்து இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். குருசுக்குப்பத்தில் வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று. அங்கே ஒரு ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தார்கள், அது 'பின்' அம்மாளை ஏற்கனவே பாதி தின்றிருந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அவள் முகத்தை உள்பக்கமாக வைத்துச் சுருட்டினேன். என் முழங்கால்கள் இரண்டும் தெறித்தன. காந்தமலர் தைலம் ஞாபகம் வந்தது, அதற்கும் எரிச்சல் வந்தது.

கடைசியாகக் கோரிமேடு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற இடம். பஸ் வந்து நின்று, வெளியூர் நோயாளிகள் பைல்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் கடைசி முடிச்சை அறுத்துக் கீழே இறங்கியபோது ஒரு அம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பை, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார்.

"ஏங்க எடுத்துட்டீங்க? இந்தம்மாவுக்கு வலி போயிடுச்சுங்களா?" என்று கேட்டார். "பாவம், எம்மாங் கோவம் மொகத்துல. யாருங்க அது, உங்களுக்குச் சொந்தமா?"

என் மனைவிம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஹாதி பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டிய ஃப்ளெக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றேன்.